சிற்றாற்றுக்கு ஒரே வரைபடம்

குற்றாலத்துக்கு மேலே திரிகூட மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டுக் கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அரிகர நதி, அனுமாநதி, கருப்பாநதி எல்லாம் அந்தப் படுகையைச் சேர்ந்தவை. ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு, அணைக்கட்டிலிருந்து கால், காலிலிருந்து குளம், குளத்து மறுகாலிலிருந்து அடுத்த குளம் என்று தண்ணீர் ஊர் ஊராகப் போகிறது. நான் இந்தப் பகுதியில் நில அளவைத் துறை வரைவாளராக வேலை பார்த்தவன். ஆற்றையும் கால்களையும் குளங்களையும் புல எண்களோடு சேர்த்து ஒன்றாகக் காட்டும் படம் ஒன்றுகூட என் பணிக்காலத்தில் என் மேசைக்கு வந்ததில்லை. கிராமத்துக்கு ஒரு படம் உண்டு, புலத்துக்கு ஒரு படம் உண்டு. ஆறு எந்தப் படத்திலும் ஒரு துண்டாகத்தான் இருக்கும். நம் மண்ணை யார் யார் எதற்காக அளந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இது ஏன் என்று விளங்கும். இன்று கணினியில் நிலப்படத்தைக் கையாளும் ஜி.ஐ.எஸ். கற்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது மென்பொருளை அல்ல, இந்தக் கதையைத்தான்.

பழைய நாட்களில் நிலத்துக்கு நான்கு எல்லை சொன்னால் போதும். கோயில் கல்வெட்டுகளில் கிழக்கு எல்லை இன்ன குளத்தங்கரை, தெற்கு எல்லை இன்ன வாய்க்கால் என்று பெயர் சொல்லித்தான் நிலம் எழுதப்பட்டிருக்கும். மேலகரம் திரிகூட ராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடியதற்காக மதுரை நாயக்கர் முத்து விசயரங்க சொக்கலிங்கர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர் வந்தது. பெயரே அந்த நிலத்தின் பதிவேடாக இருந்தது. அந்த முறையில் ஒரு பலம் இருந்தது: எந்தக் காணியும் பக்கத்துக் காணியையோ நீரோட்டத்தையோ சொல்லாமல் எழுதப்படவில்லை.

பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். 1794இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னால் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. அந்தப் பள்ளியிலிருந்து வந்த தாமஸ் டர்ன்புல் திருநெல்வேலிச் சீமையையும் மறவர் சீமையையும் அளந்து விவரக் குறிப்புகள் எழுதினார். 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரிய முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 1809 வாக்கில் குமரி முனைவரை வந்து சேர்ந்தார். அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு வந்த கூட்டம் அது. குன்று இல்லாத தஞ்சைச் சமவெளியில் கோயில் விமானமும் கோபுரமும்தான் அவர்களுக்கு மேடை. தஞ்சாவூரில் 1808இல் கயிறு அறுந்து அந்தக் கருவி சுவரில் மோதிச் சேதமானதும், லாம்டன் அதைப் பிரித்து உட்கார்ந்து தாமே சீர்செய்ததும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக்கூடாத நிகழ்ச்சிகள். மலைக்கு அந்தப் புறம் திருவிதாங்கூரை 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு அளவையாளர்கள் அளந்தார்கள். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. குற்றாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இரண்டு அரசுகள், இரண்டு அளவைகள்.

இவையெல்லாம் நாட்டைத் தெரிந்துகொள்ள வரைந்த படங்கள். குடியானவனின் வயலுக்குள் சங்கிலி இறங்கியது 1858இல் சென்னை மாகாணத்தில் வருவாய் நில அளவை தொடங்கிய பிறகுதான். அந்த வேலையின் நேர்த்தியை நான் மனமாரப் பாராட்டுவேன். முதலில் கிராம எல்லையைத் தியோடலைட் வைத்துச் சுற்றி வருவார்கள். மூன்று கிராமங்களின் எல்லை கூடும் இடத்தில் ஒரு கல் நடுவார்கள். ட்ரைஜங்ஷன் கல் என்று அதைச் சொல்வோம். கிராமத்தைக் கண்டங்களாகப் பிரித்து, கண்டத்துக்குள் புலங்களை எடுப்பார்கள். ஒவ்வொரு புலத்திலும் மூலைக்கு மூலை நீளமாக ஒரு கோடு போடுவார்கள். அது ஜி லைன். அந்தக் கோட்டில் சங்கிலியை இழுத்துக்கொண்டே போய், எல்லை வளையும் இடத்துக்கெல்லாம் குறுக்குக் கம்பம் வைத்து நேர்க்குத்தாக ஆஃப்செட் எடுப்பார்கள். அந்த எண்களை ஏணிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாக எழுதும் பத்திக்கு லேடர் என்று பெயர். சங்கிலி 66 அடி, அதில் 100 கண்ணி. 1000 சதுரக் கண்ணி ஒரு சென்ட். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். பரப்புக் கணக்குத் தானாக விழும்படி அமைத்த அளவு அது.

இப்படி உருவானதுதான் புலப்பட நூல். எஃப்.எம்.பி. என்றால்தான் எல்லோருக்கும் புரியும். அதில் படத்தைவிட எண்கள் முக்கியம். காகிதம் சுருங்கலாம், கோடு மங்கலாம். லேடரில் எண் இருந்தால் அந்த வயலை நூறு வருடம் கழித்தும் தரையில் மறுபடி பிடித்துவிடலாம். உட்பிரிவு ஆனால் சிவப்பு மையில் கோடு, பக்கத்தில் உத்தரவு எண், தேதி, கையொப்பம். பழைய கோட்டை யாரும் அழிக்க மாட்டார்கள். யார் எழுதலாம், எதை ஆதாரமாக வைத்து எழுதலாம், எழுதியது எப்படிச் சாட்சியாக நிற்கும் என்பதற்கெல்லாம் விதி இருந்தது. 1923ஆம் ஆண்டின் நில அளவை எல்லைகள் சட்டம் அந்த விதிகளுக்கு முதுகெலும்பு.

குறை ஒன்றே ஒன்றுதான். அது பெரிய குறை. வேலை முழுவதும் தீர்வைக்காக நடந்தது. தீர்வை கிராமக் கணக்கு. அதனால் படமும் கிராமத்தோடு முடிந்தது. ஒவ்வொரு கிராமத்தையும் தனித்தனியாக அளந்து தனித்தனியாக வரைந்தார்கள். பக்கத்துக் கிராமத்துப் படத்தை எடுத்து ஒட்டிப் பார்த்தால் சில இடங்களில் இடைவெளி, சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நம் பக்கம் கிராம எல்லை பெரும்பாலும் எதை ஒட்டிப் போகிறது? ஓடையை, காலை, குளத்துக் கரையை. ஆகவே எல்லை பொருந்தாத இடமெல்லாம் தண்ணீர் போகும் இடமாகவே அமைந்துவிட்டது. படத்தில் கிழிசல் விழுந்த இடம் சரியாக நீரோட்டத்தின் மேல்.

அரசியல் எல்லைகள் இந்தக் கிழிசலை இன்னும் கூட்டின. ஊற்றுமலை, சிவகிரி போன்ற ஜமீன் ஊர்களில் 1948ஆம் வருட ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரி முறைப்படி அளந்து தீர்வை வைத்தார்கள். செங்கோட்டையில் திருவிதாங்கூர் அரசு 1883 முதல் 1911 வரை நடத்திய அளவையும் தீர்வை ஏற்பாடும் இருந்தன. அங்கே பட்டா எண்ணுக்குப் பதில் தண்டப்பேர் எண். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆரியங்காவு போன்ற மலைப்பகுதி கேரளத்திலேயே நின்றுவிட்டது. 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டம் நடந்தது. நான் துறையில் சேர்ந்தது அந்தச் சமயத்தில். இடையில் 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம் முறை ஒழிந்தது. நியாயமான சீர்திருத்தம் அது. ஆனால் எந்த மடை எந்தப் பத்துக்குப் பாயும் என்று மனப்பாடமாக வைத்திருந்த ஆட்களும் அலுவலகத்தை விட்டுப் போனார்கள். அந்த அறிவைப் படத்தில் ஏற்றிவைக்க அப்போது வசதி இல்லை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது, இப்படி வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கையால், வெவ்வேறு நோக்கத்தில் அளந்த நிலங்கள் 8 வட்டங்களாக ஒரே ஆட்சியரிடம் வந்து சேர்ந்தன.

கணினி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கனடாவில் ராஜர் டாம்லின்சன் 1960களில் காட்டு வளம், மண் வளம் இவற்றைக் கணக்கெடுக்க உருவாக்கியதுதான் முதல் ஜி.ஐ.எஸ். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுக்கென்று ஒரு மையம் 1982இலேயே வந்துவிட்டது. 1988 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. ஆனால் மென்பொருளின் விலையும் வரைபடங்கள் மீதான கட்டுப்பாடும் வட்ட அலுவலகத்து ஊழியனை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவிடவில்லை. எங்களுக்கு நேரில் வந்த கணினி, தேசியத் தகவலியல் மையம் (என்.ஐ.சி.) உருவாக்கிய கொலாப்லேண்ட். புலப்படத்தை ஸ்கேன் செய்து கோட்டின்மேல் கோடு இழுக்காமல், லேடரில் உள்ள எண்களை உள்ளிட்டு வயலை மறுபடி வரையவைக்கும் மென்பொருள் அது. சங்கிலி பிடித்தவர் எழுதிய எண் அப்படியே உயிரோடு மறுகரை ஏறியது. இன்று இணையத்தில் புல எண் கொடுத்துப் புலப்படம் எடுக்க முடிகிறதென்றால் அந்த உழைப்புதான் காரணம்.

ஓய்வு பெற்ற பிறகு நான் க்யூஜிஐஎஸ் என்ற ஜி.ஐ.எஸ். மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். 2002இல் அலாஸ்காவில் கேரி ஷெர்மன் தொடங்கியது. காசு கொடுக்க வேண்டாம். முதல் பாடம் ஜியோரெஃபரன்சிங்: கிராமப் படத்தின் ஸ்கேனைப் பூமியில் அதன் இடத்தில் உட்காரவைப்பது. தரையில் நிச்சயமாக நிற்கும் புள்ளிகள் வேண்டும். ட்ரைஜங்ஷன் கற்கள் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. பல இடங்களில் கல் புதைந்தோ பெயர்ந்தோ போயிருக்கும். அப்போது குளத்து மடை, பழைய பாலம், கோயில் மதில் மூலை. தென்காசிக் கோயில் கோபுரம் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிகிறதே என்று பிள்ளைகள் அதன் உச்சியைத் தொடுவார்கள். செயற்கைக்கோள் படத்தில் உயரமான கட்டடத்தின் உச்சி சாய்ந்து விழுந்திருக்கும். 178 அடிக் கோபுரத்தில் அந்தச் சாய்வு சில மீட்டர் வரும். அடித்தளத்து மூலையைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்த பாடம் பூமியின் உருவம். லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணக்கிட்ட பூமி வடிவத்தை வைத்துத்தான் நம் நாட்டுப் பழைய வரைபடங்கள் எல்லாம் வந்தன. கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேறு ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. சரியான ஆயத்தொலை முறையைச் சொல்லாமல் பழைய டோப்போ ஷீட்டைப் போட்டால் நம் பகுதியில் எல்லாம் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து நிற்கும். குளம் கரைக்கு வெளியே கிடக்கும். இன்னொன்றும் உண்டு. மீட்டரில் அளக்க உதவும் யூடிஎம் முறையில் தென்காசியும் திருநெல்வேலியும் 43ஆம் மண்டலம், தூத்துக்குடி 44ஆம் மண்டலம். 78 பாகை தீர்க்கரேகை நடுவில் போகிறது. சிற்றாறு சேரும் தாமிரபரணி, கடலை எட்டும் முன் இந்தக் கோட்டைக் கடக்கிறது. படுகை முழுவதையும் ஒரே படத்தில் கொண்டுவர நினைப்பவர் முதல் நாளே இதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

நானும் பிள்ளைகளும் ஆளாளுக்கு ஒரு ஊரை வரைய ஆரம்பித்ததும்தான் உண்மையான சிக்கல் வந்தது. எல்லோரும் ஷேப்ஃபைல் வைத்து வேலை செய்தோம். 1990களில் எஸ்ரி நிறுவனம் கொடுத்த வடிவம், இன்றும் எங்கும் புழங்குகிறது. அதில் பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்தான் இடம். ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கே மூன்று பைட் ஆகும். ‘குளம்’ என்ற சொல்லைக்கூட தலைப்பில் முழுதாக எழுத முடியாது. தமிழ்ப் பெயர்கள் ஒரு கணினியில் சரியாகத் தெரியும், அடுத்ததில் கேள்விக்குறிகளாகிவிடும். பென் டிரைவில் பிரதிக்குப் பிரதி போய், எது கடைசித் திருத்தம் என்பதே சண்டையாகும். ஒரு நாள் சுந்தரபாண்டியபுரத்துப் பக்கத்துப் பையன் ஒருவன் கேட்டான்: “சார், எங்க ஊர் மறுகால் ஓடை பக்கத்து ஊர் படத்துல தொடங்கவே இல்லியே. தண்ணி எங்க போச்சு?” இரண்டு பேர் இரண்டு கோப்பில், ஒரே எல்லையை இரண்டு முறை வரைந்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கிழிசலை 21ஆம் நூற்றாண்டுக் கணினியில் அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தோம்.

அதற்கு மருந்துதான் பொதுத் தரவுத்தளம். 2001இல் கனடாவின் விக்டோரியா நகரில் ரிஃப்ராக்‌ஷன்ஸ் ரிசர்ச் என்ற நிறுவனம் போஸ்ட்ஜிஐஎஸ் வெளியிட்டது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்துக்குள் புள்ளி, கோடு, பரப்பு மூன்றையும் ஒரு பத்தியாக வைத்துக்கொள்ளும் வசதி அது. க்யூஜிஐஎஸ் தொடக்கத்தில் எழுதப்பட்டதே அந்தத் தரவைத் திறந்து பார்ப்பதற்காகத்தான். எல்லோரும் ஒரே அட்டவணையில் வேலை செய்யலாம். பிரதி என்பதே கிடையாது. படிக்க மட்டும் உரிமை உள்ளவர், எழுத உரிமை உள்ளவர் என்று பிரிக்கலாம். ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது, முன்பு என்ன இருந்தது என்று தனி அட்டவணையில் தானாகப் பதியவைக்கலாம். எங்கள் சிவப்பு மை, உத்தரவு எண், கையொப்பம் எல்லாம் இங்கே மறுபடி வந்துவிட்டன என்பதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரியது. இவற்றுக்கும் மேலே ஒன்று: இரண்டு கிராமங்களுக்கு நடுவிலுள்ள எல்லையை ஒரே கோடாக, ஒரே ஒரு முறை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஊரும் அதே கோட்டைப் பகிர்ந்துகொள்ளும். இடைவெளி விழுந்தால் தரவுத்தளமே காட்டிக்கொடுக்கும். எங்கே காட்டுகிறதோ அங்கே ஆள் போய்த் தரையில் பார்த்து வர வேண்டும். அந்த வேலையை எந்த மென்பொருளும் செய்யாது.

கால்களை ஓடும் திசையில் வரைந்து, குளத்தோடு கோத்து வைத்தால், ஒரு மறுகாலைத் தொட்டதும் கீழே எந்தெந்தக் குளத்துக்குத் தண்ணீர் போகும் என்று தரவுத்தளம் வரிசையாகச் சொல்லும். பெயருக்கென்று ஒரு பத்தி வைத்தோம். அலுவலகப் பெயர், ஊரார் சொல்லும் பெயர், மடைகளின் பெயர். புல எண் வந்த பிறகு அரசு ஏட்டில் இடம் இழந்த பெயர்கள் மீண்டும் ஏட்டுக்கு வந்தன.

இது ஏதோ ஆசைக்குச் செய்யும் வேலை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சான்றுகள் சொல்வேன். ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பு 2011 முதல் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. ஆர்வலர்கள் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். வருடா வருடம் அதே குளம், அதே பெயர் என்று இருப்பதால்தான் அந்த எண்களுக்கு மதிப்பு. இன்னொன்று துயரமானது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. குற்றால அருவிகளின் நீர்ப்பிடிப்பு செங்குத்தானது, குறுகியது. மேலே பெய்யும் மழை கீழே குளிப்பவருக்குத் தெரியாது. பெய்த தண்ணீர் வந்து சேரவும் நேரம் ஆகாது. மேலே காடு வனத்துறைக்கு, அருவிக்கரை உள்ளாட்சிக்கு, ஆறு நீர்வளத்துறைக்கு, எச்சரிக்கை வருவாய்த்துறைக்கு. ஒவ்வொருவரிடமும் ஒரு படம். விண்வெளி ஓடத்திலிருந்து 2000 பிப்ரவரியில் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. அதை க்யூஜிஐஎஸ்ஸில் போட்டால் ஐந்தருவிக்கு எந்தச் சரிவின் மழை வருகிறது, பழைய குற்றாலத்துக்கு எது வருகிறது என்று ஒரு கல்லூரி மாணவர் ஒரே பொழுதில் வரைந்துவிடுவார். அந்த எல்லைக்குள் மழைமானியும், ஆற்றில் மட்டம் பார்க்கும் கருவியும், நான்கு துறைகளும் ஒரே நேரத்தில் பார்க்கும் ஒரே தரவுத்தளமும் சேர்ந்தால், பேரருவியின் கீழும் ஐந்தருவியின் கீழும் நிற்கும் கூட்டத்துக்குச் சில நிமிடங்கள் கிடைக்கும். அந்தச் சில நிமிடங்களில் உயிர் இருக்கிறது.

தடைகள் முன்போல் இல்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடங்கள் மீதிருந்த பழைய கட்டுப்பாடுகளைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. 2023இல் வெளியான முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 24 லட்சத்துக்கும் அதிகமான நீர்நிலைகளைப் பதிவு செய்திருக்கிறது. மாநில அரசுக்கென்று டிஎன்ஜிஐஎஸ் என்ற ஜி.ஐ.எஸ். அமைப்பு இருக்கிறது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் வந்த பிறகு தரவுத்தளம் என்றால் என்ன என்று தெரிந்த இளைஞர்கள் தென்காசிக் கிராமங்களிலேயே இருக்கிறார்கள். குளங்கள் புள்ளிகளாக ஏறிவிட்டன. அவற்றைக் கோக்கும் கால்கள்தான் பாக்கி.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். நீர்வளத்துறையும் மாவட்ட நிர்வாகமும் சிற்றாற்றுப் படுகையின் அணைக்கட்டு, கால், மடை, மறுகால் அனைத்தையும் ஒரே அடுக்காக, யாரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட வேண்டும். திருத்தம் சொல்லக் குளத்துப் பாசன விவசாயிகளுக்கு வழி வைக்க வேண்டும். அடுத்தது உங்களுக்கு. தென்காசி, செங்கோட்டை, வீரகேரளம்புதூர் பக்கம் பழைய கர்ணம் வீட்டுப் பரணில் இன்னும் கிராமப் படங்களும் பாசனக் கணக்குகளும் கிடக்கின்றன. அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கைப்பேசியில் படம் எடுக்கும்போது மடித்த காகிதத்தை விரித்து, நான்கு மூலையும் விழும்படி எடுங்கள். ஓரத்தில் உள்ள அளவுகோலும் வட திசைக் குறியும் கட்டாயம் படத்தில் இருக்க வேண்டும்.